சாக்ளாவும் நம்ம டிடிகேவும்

அன்புள்ள சார்,
போன வாரம் பாம்பே ஹைகோர்ட் பத்தி எழுதினப்ப அங்க சீஃப் ஜஸ்டிஸா இருந்த எம்.சி. சாக்ளாவ ஒரேயடியா தூக்கி வெச்சிருந்தீங்க. முந்த்ரா விவகாரத்துல அப்ப நிதி மந்திரியா இருந்த நம்ம டிடிகேவ (டி.டி. கிருஷ்ணமாச்சாரி) காவு குடுத்தவரு அவரு. அதே வருஷம் அமெரிக்காவுக்கு தூதரா போனாரு. கூலி இல்லாம வேற என்ன சார் அது?
ரமணி, செம்பூர்

அன்புள்ள ரமணி,

கோபம் நியாயம்தான், ஆனா தப்பான எடத்துல கோபப்படறீங்க.

எல்ஐசி பணம் 1.24 கோடி ஹரிதாஸ் முந்த்ராங்கற தொழிலதிபரோட 6 கம்பெனி ஷேர்ல போச்சு, அத பார்லிமெண்ட்ல கெளப்பினதே நேருவோட மாப்பிள்ளை ஃபெரோஸ் காந்தி. சாக்ளா ஒத்தை ஆளா விசாரிச்சாரு, அதுவும் பப்ளிக்கா, வெளியில ஸ்பீக்கர் கட்டி ஜனங்க கும்பலா நின்னு கேட்டாங்க. நிதித்துறை செக்ரட்டரி செஞ்சதுக்கு மந்திரிதான் பொறுப்பு, அதிகாரி முதுகுக்குப் பின்னாடி ஒளிய முடியாதுங்கறதுதான் அவரு சொன்னது. 1958 பிப்ரவரில டிடிகே ராஜினாமா. நம்மாளுங்கறதுக்காக இத தப்புன்னு சொல்ல எனக்கு மனசு வரல.

தூதர் பதவிதான் எனக்கும் உறுத்தும். ஜட்ஜா இருந்தவங்க ரிடயர் ஆனப்புறம் கவர்மெண்ட் வேலை வாங்கக் கூடாதுன்னு அட்டர்னி ஜெனரல் செடல்வாட் தலைமைல லா கமிஷன் எழுதிச்சு, அந்தக் கமிஷன்ல சாக்ளாவும் மெம்பர்! செடல்வாட் பின்னாடி அத குத்திக் காட்டினாரு, சரியாத்தான் காட்டினாரு. இதுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

அப்புறம் ஏன் தூக்கி வெச்சேன்னா, அதுக்கு எங்க பெரியப்பா காரணம். கும்பகோணத்துல ஷார்ட்ஹேண்ட் பாஸ் பண்ணிட்டு மாதுங்கால வந்து எறங்கின கூட்டத்துல ஒருத்தரு, ஃபோர்ட்ல சாலிசிட்டர் ஆபீஸ்ல ஸ்டெனோ. சாக்ளா தீர்ப்ப ஒத்திப் போடற ஆளே இல்ல, வக்கீலுங்க பேசி முடிச்ச கையோட அங்கயே உக்காந்து டிக்டேட் பண்ணுவாரு, ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது. அவரு கோர்ட்டுன்னா பெரியப்பா நாலு பென்சில் சீவிட்டுப் போவாரு. "கமா எங்க விழும்னு அவரு மூச்சுலயே தெரியும்டா"ன்னு 80 வயசுலயும் காத்துல விரலால கோடு போட்டுக் காட்டுவாரு.

இன்னொண்ணு, பிடிக்கலன்னா விட்டுட்டுப் போறது அவருக்குப் புதுசில்ல. வாலிபத்துல ஜின்னாகிட்ட ஜூனியரா இருந்து, அரசியல் ஒத்துக்காம விலகினவரு. 1967ல வெளியுறவு மந்திரி, காலேஜ்ல இங்கிலீஷ அவசரமா எடுக்கற மொழிக் கொள்கை பிடிக்கலன்னு அந்த நாற்காலியவும் விட்டாரு. 65ல இந்தி எதிர்ப்புல ஊர்ல எரிஞ்சது நமக்குத் தெரியும், அதே மொழிப் பிரச்சனைல ஒரு பம்பாய்க்காரர் பதவிய விட்டாருங்கறத நம்ம சைடுல யாரும் பேசறதில்ல.

கடைசியா ஒரு வேடிக்கை. 1963ல டிடிகே மறுபடி நிதி மந்திரி ஆயிட்டாரு, அதே வருஷம் சாக்ளா கல்வி மந்திரி, ஒரே கேபினட்! ரெண்டு வருஷம் எதிரும் புதிருமா உக்காந்து என்ன பேசிருப்பாங்கன்னு அங்க டீ குடுத்த ஆளக் கேட்டாத்தான் தெரியும்.