கிலோவாட்டை ஏத்தினா தண்ணி ஏறாது

தம்பி, காட்பாடியிலேர்ந்து இங்கிலாந்துல லெஸ்டர் வந்து ரெண்டு மாசம் ஆச்சுன்னு எழுதியிருக்கீங்க. பழைய வாடகை வீடு, மாடி பாத்ரூம்ல தண்ணி நூலாட்டம் வருது, செலவை வீட்டுக்காரர் ஏத்துக்கறார், பச்சைத் தண்ணியை ஓடும்போதே சூடாக்கற பெட்டி இருக்கே, அந்த எலக்ட்ரிக் ஷவர்ல 10.5 கிலோவாட் போடச் சொல்லலாமான்னு கேக்கறீங்க. கூடவே பையனுக்கு ஸ்கூல், பொன்னி அரிசி. அரிசிக்கு பெல்கிரேவ் ரோடு பக்கம் போங்க. ஸ்கூலுக்குக் கவுன்சில்ல விண்ணப்பம் போடுங்க. ரெண்டும் தானா நடந்துடும். ஷவர்லதான் காசு பாழாகும்.

10.5 போடச் சொன்னது இங்கே பத்துப் பன்னிரண்டு வருஷமா இருக்கிற நம்ம ஆளாத்தான் இருக்கும். கார் வாங்கறாப்பல, பெரிய நம்பர்னா நல்லதுன்னு ஒரு நெனப்பு. கிலோவாட்ங்கறது சூடு. அது தண்ணியைத் தள்ளாது.

கணக்கைப் பாருங்க. கிலோவாட்டை 14.3 ஆல பெருக்கி, தண்ணி எத்தனை டிகிரி சூடாகணுமோ அதால வகுத்தா, நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர்னு வரும். ஜனவரியில இங்கே குழாய்த் தண்ணி 5 டிகிரி வரைக்கும் இறங்கும். குளிக்க 40 வேணும், அப்போ 35 டிகிரி ஏத்தணும். 8.5 கிலோவாட்ல 3.5 லிட்டர் வரும், 10.5ல 4.3 லிட்டர். வித்தியாசம் நிமிஷத்துக்கு 0.8 லிட்டர், அவ்வளவுதான். வேலூர்ல மொட்டைமாடித் தொட்டித் தண்ணி 30 டிகிரி இருந்தா 10 டிகிரி ஏத்தினாப் போதும். அங்கே 3 கிலோவாட் கீசர் தர்ற அதே 4.3 லிட்டருக்கு இங்கே 10.5 வேணும். ஊர்ல சின்ன கீசரே கொட்டுச்சேன்னு இங்கே யாரும் ஏங்க வேணாம்.

வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கண்டுபிடிங்க: பாத்ரூம் தண்ணி நேரா ரோட்டு மெயின் குழாய்லேர்ந்து வருதா, லாஃப்ட்னு சொல்ற பரண்ல இருக்கிற தொட்டிலேர்ந்து வருதா? கிச்சன் சிங்க்குக்குக் கீழே ஸ்டாப்காக், அதாவது வீட்டுக்கு வர்ற தண்ணியை நிறுத்தற வால்வு, இருக்கும். அதை மூடிட்டு மாடியில பச்சைத் தண்ணிக் குழாயைத் திறந்து விடுங்க. உடனே நின்னா மெயின். அஞ்சு நிமிஷம் ஆகியும் ஓடுச்சுன்னா தொட்டி. திரும்பத் திறக்கும்போது முழுசாத் திறங்க. முன்னாடி யாரோ பாதி திறந்து விட்டுட்டுப் போனதுதான் பல வீட்ல வியாதியே.

அடுத்தது, கிச்சன் பச்சைத் தண்ணிக் குழாய்ல 1 லிட்டர் ஜக்கைப் பிடிங்க, மத்த குழாயெல்லாம் மூடியிருக்கணும். 7 செகண்டுக்குள்ள நிறைஞ்சா நிமிஷத்துக்கு 8 லிட்டருக்கு மேல, அது போதும். கிச்சன்ல நல்லா வந்து மாடியில மட்டும் நூலா வந்தா உங்க வீட்ல மெயின் பிரஷர் குறைவு இல்லை, பெரும்பாலும் பாத்ரூமுக்குத் தண்ணி தொட்டிலேர்ந்து வருது. தண்ணி அழுத்தத்தை ‘பார்’ங்கற அளவுல சொல்வாங்க, 10 மீட்டர் உயரத்துக்குத்தான் 1 பார். பரண் தொட்டி ஷவருக்கு ஒன்றரை மீட்டர் மேல இருந்தா 0.15 பார்தான். ஊர்ல மேல் மாடி வீட்டு ஷவர் சொட்டுமே, அதே கதைதான். பிளம்பர்கிட்ட மெயின்லேர்ந்து தனியா 15 மில்லிமீட்டர் பைப் ஒண்ணு இழுக்கச் சொல்லி, சாதாரண எலக்ட்ரிக் ஷவர் போட்டா முடிஞ்சது.

கிச்சன்லயே மந்தமா இருந்தா சாதாரண ஷவர் வேணாம். அதுக்குப் பொதுவா 1 பார் வேணும். குறைஞ்சா உள்ளே இருக்கிற பிரஷர் சுவிட்ச் ஹீட்டரைப் போட விடாது, குளிக்கும்போது பச்சைத் தண்ணி வரும். தண்ணிக் கம்பெனிக்கு போன் பண்ணுங்க, வீட்டு எல்லையில 0.7 பார் தரவேண்டியது அவங்க பொறுப்பு. எல்லைக்கு உள்ளே இருக்கிற பழைய பைப் வீட்டுக்காரர் பொறுப்பு. பழைய வரிசை வீடுகள்ல சில இடத்துல ரெண்டு மூணு வீட்டுக்கு ஒரே பைப் இருக்கும், அப்படின்னா காலை 7 மணிக்கு அடுத்த வீட்டுக்காரர் குளிச்சா உங்களுக்கு வராது. நம்மூர் மாதிரி மெயின் குழாய்ல மோட்டார் மாட்டி உறிஞ்சற வேலை மட்டும் வேணாம். நிமிஷத்துக்கு 12 லிட்டருக்கு மேல இழுக்கற பம்புக்குக் கம்பெனி அனுமதி வேணும்.

பரண்ல தொட்டி இருந்தா உள்ளேயே பம்பு வெச்ச எலக்ட்ரிக் ஷவர் இருக்கு: ட்ரைட்டன் டி90எஸ்ஆர், மைரா எலைட் மாதிரி. தொட்டியோட அடிப்பக்கம் ஷவர் பெட்டிக்கு மேல எத்தனை இருக்கணும்னு கையேட்டுல போட்டிருக்கும், சிலதுக்கு 8 சென்டிமீட்டரே போதும். மெயின் தண்ணியை நேரா சூடாக்கற காம்பி பாய்லர் வீடுன்னா பெரும்பாலும் தொட்டியே இருக்காது, புதுசா வைக்கணும். பாய்லர் முகத்துல 1.5 காட்டற முள்ளைப் பார்த்து பிரஷர் இருக்குன்னு ஏமாறாதீங்க. அது ரேடியேட்டர் தண்ணியோடது.

கரண்ட் விஷயத்துல விளையாடக் கூடாது. 8.5 கிலோவாட் 35 ஆம்பியர் இழுக்கும், 40 ஆம்பியர் பிரேக்கர். 10.5 கிட்டத்தட்ட 44 ஆம்பியர், அதுக்கு 10 சதுர மில்லிமீட்டர் கேபிள். பழைய ஷவருக்குப் போட்ட 6 மில்லி கேபிளையே விட்டுட்டுப் பெட்டியை மட்டும் மாத்தினா, பரண்ல குளிருக்குப் போட்ட பஞ்சுக்கு அடியில ஓடற இடத்துல கேபிள் வெந்து போகும். சில பழைய வீட்ல மெயின் ஃபியூஸே 60 ஆம்பியர்தான். கரண்ட் கசிஞ்சா உடனே கட் பண்ற 30 மில்லிஆம்பியர் ஆர்சிடி, சீலிங்ல கயிறு இழுத்தா லைவ், நியூட்ரல் ரெண்டையும் துண்டிக்கற டபுள் போல் சுவிட்ச், பதிவு பெற்ற எலக்ட்ரீஷியன் தர்ற சர்டிபிகேட், மூணும் இருக்கணும். ‘நம்ம பக்கத்து ஆளு, சல்லிசா முடிச்சுத் தருவாரு’ன்னா கும்பிடு போட்டு அனுப்புங்க. என்னைக் கேட்டா 8.5 போதும்.

போட்ட பிறகு, பெட்டியோட வந்த ஷவர் தலையையே மாட்டுங்க. அகலமான மழைத் தலை மாட்டினா 4 லிட்டர் தண்ணி தூறலாப் போகும். தலையில சுண்ணாம்பு அடைச்சாலோ ஹோஸ் மடங்கினாலோ உள்ளே அழுத்தம் ஏறி, அடியில இருக்கிற சேஃப்டி வால்வு பிச்சுக்கிட்டுச் சொட்டும். மாசம் ஒரு தரம் தலையைக் கழட்டி வினிகர்ல ஊற வைங்க.

ஷவர் சரியாகற வரைக்கும் பக்கெட்டும் மக்கும்தான், தெரியும். எனக்கும் வந்த புதுசுல அதான். ஆனா டப்புக்குள்ள உட்கார்ந்து ஊத்திக்குங்க. இங்கே பாத்ரூம் தரையில சாக்கடை ஓட்டை கிடையாது, ரெண்டு சொம்பு வெளியே போனா கீழ் ரூம் சீலிங்ல கறை பிடிக்கும். தோட்டத்துப் பக்கம் செங்கல் அடுப்பு, மேல கரி பிடிச்ச செப்புத் தவலை, அடியில தென்னை மட்டை, சனிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக்கிட்டு ரெண்டு சொம்பு கொதி தண்ணிக்கு நாலு சொம்பு பச்சைத் தண்ணி விளாவினதெல்லாம் ஊரோட சரி. இங்கே எண்ணெயும் சீயக்காயும் குழாய்ல போனா கொஞ்ச நாள்ல களி மாதிரி அடைக்கும், ஓட்டை மேல ஒரு சல்லடை போட்டுடுங்க.

பரண்ல ஏறி தொட்டி இருக்கான்னு பார்த்துட்டு, ஜக்கு எத்தனை செகண்டுல நிறையுதுன்னு எழுதுங்க. மாடல் பேரை அப்புறம் சொல்றேன்.