ஸ்பிட்ஃபயரில் ஒரு பங்கு: காசு அனுப்ப முன்

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கும் என் மச்சானுக்குப் பழைய விமானங்கள் என்றால் உயிர். அங்கே ஸ்பிட்ஃபயர் போர் விமானம் ஒன்று விலைக்கு வந்திருக்கிறதாம். பறக்கிற நிலையில் இருக்கிறது என்று படங்களும் அனுப்பினார். 20 பேர் சேர்ந்து வாங்குகிறார்கள், ஆளுக்கு 6,000 பவுண்ட். என்னையும் சேரச் சொல்கிறார். எனக்கும் ஆசைதான். அம்மாவோ போர் விமானம் என்ற பேச்சே வீட்டில் வேண்டாம் என்கிறா. என்ன செய்யலாம்?
- வாசகர், நெடுங்கேணி

பதில்: தம்பி, முதலில் கணக்கைப் பாருங்கள். 20 பேரும் போட்டால் 1,20,000 பவுண்ட். 2015 ஜூலையில் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் பி9374 என்ற ஸ்பிட்ஃபயர் 31 இலட்சம் பவுண்டுக்குப் போனது. பறக்கிற ஸ்பிட்ஃபயர் அதில் இருபத்தைந்தில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்காது. ஒன்றில் அது பாகங்களின் குவியல், அல்லது உங்களிடம் கேட்பது வெறும் முற்பணம். எது என்று எழுத்தில் கேளுங்கள்.

அந்த பி9374, 1940 மே மாதம் பிரான்சின் கலே கடற்கரையில் அவசரமாக இறங்கி மணலுக்குள் அமிழ்ந்தது. 1980இல்தான் வெளியே தெரிந்தது. நாற்பது வருடம் உப்பில் ஊறிய தகரத்தில் பறக்கக்கூடியது எவ்வளவு மிஞ்சும்? இப்படிப்பட்டவற்றைத் திருத்தி எழுப்பும்போது பெரும்பகுதியைப் புதிதாகவே செய்கிறார்கள். அது அதே விமானம்தான் என்று சொல்ல வைப்பது இலக்கமும், அறாமல் தொடரும் பத்திரங்களும். நாங்கள் பழைய உழவு மெசின் வாங்கும்போது பெயின்ற்றைப் பார்த்தா காசு கொடுக்கிறோம்? சாக்குத் துண்டால் கிறீஸைத் துடைத்து, செசி நம்பரை விரலால் தடவிப் புத்தகத்தோடு ஒத்துப் பார்ப்போம். இங்கும் அதே வேலைதான். மச்சான் நேரே போய் இலக்கத் தகட்டைப் பார்க்கட்டும்.

எஞ்சின் மெர்லின் என்றால் 12 சிலிண்டர், 27 லீற்றர். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானியரை எதிர்த்துச் திருகோணமலைச் சீனன்குடாவில் இருந்து எழும்பிய ஹரிக்கேன் போர் விமானங்களிலும் மெர்லின்தான் உறுமியது. கடைசியாக எப்போது முழுதாகக் கழற்றிச் செய்தார்கள், பிறகு எத்தனை மணி நேரம் ஓடியது என்பது லொக் புத்தகத்தில் இருக்க வேண்டும். பறப்பு அனுமதி இன்னும் செல்லுபடியாகுமா? கொட்டகை வாடகை, காப்புறுதி யார் தலையில்? நீங்கள் விலக நினைத்தால் பங்கை யார் எடுப்பார்? இவை ஒப்பந்தத்தில் இல்லையென்றால் கையெழுத்து வேண்டாம்.

காசு வெளியே போக அந்நியச் செலாவணிச் சட்டம் உண்டு. வங்கியில் கேளுங்கள். வங்கி இல்லாமல் ஆள் வழியாக அனுப்பும் உண்டியலில் மட்டும் அனுப்பாதீர்கள், பிணக்கு வந்தால் காட்ட ஒரு துண்டும் இராது.

அம்மாவோடு வாதாட வேண்டாம். குண்டு போடும் கிபிர் விமானம் இரைய, பிள்ளைகளைப் பங்கருக்குள் இழுத்தவ அவ. நானும் அந்தப் பங்கருக்குள் இருந்து வளர்ந்தவன். இருந்தும் ஸ்பிட்ஃபயரின் நீள்வட்டச் சிறகைப் பார்த்தால் கண் எடுக்க மனம் வராது. உங்கள் ஆசை எனக்கு நன்றாகவே விளங்குகிறது.

அதே கலேப் பக்கத்து மணலில் இருந்து மீண்ட என்3200 என்ற ஸ்பிட்ஃபயர், 2015இல் இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்ட் அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாகப் போனது. மச்சானிடம் போகும்போது அதைப் பார்த்து வாருங்கள். லொக் புத்தகப் பக்கங்களை அவர் படமெடுத்து அனுப்பினால் எனக்கும் அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.