பேச்சில்லாத குழந்தை தலையை இடித்தால் முதலில் உடம்பைப் பாருங்க

கேட்டது இது: "மகனுக்கு 7 வயது, ஆட்டிசம், பேச்சு வரவில்லை. ஒரு மாதமாகத் தலையைச் சுவரில் இடிக்கிறான், கையைக் கடிக்கிறான், ராத்திரி தூக்கமே இல்லை. தெரபி மையத்தில் பிஹேவியர் என்கிறார்கள், மாத்திரை ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். ஆரம்பிக்கலாமா?"

ஊர் எதுன்னு சொல்லலைங்க. பவானி, அந்தியூர், கோபி பக்கம்னு வெச்சுக்கிறேன். எடை 20 கிலோன்னும் வெச்சுக்கிறேன், கீழே கணக்குச் சொல்ல வசதி.

உங்க கேள்வியிலேயே விடை இருக்குதுங்க: "ஒரு மாதமாக". ஆட்டிசம் ஒரு மாதத்துக்கு முன்னால் வந்ததில்லை. அதுக்கு முன்னால் இடிக்காத குழந்தை இப்போது இடிக்கிறான்னா, நடுவில் என்னமோ ஆகியிருக்கு. "வலிக்குது"ன்னு வாயால் சொல்ல முடியாத குழந்தை வேறு எப்படிச் சொல்லும்? "அவன் அப்படித்தானுங்க" என்ற ஒரு வார்த்தையால் கவனிக்காமல் போன சொத்தைப் பல்லும் காதுச் சீழும் குழந்தைகள் வார்டில் வேலை செய்கிற எங்களுக்குத்தான் தெரியும். நான் நர்ஸ், டாக்டர் இல்லைங்க. இங்கே எழுதுகிற அளவுகள் நீங்க டாக்டரிடம் கேள்வி கேட்கத் தெம்பு வரட்டும் என்பதற்காக. "ஆன்லைனில் வைத்தியமா" என்று சண்டைக்கு வருகிறவர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படிக்கவும்.

இடித்த பிறகு வாந்தி, வழக்கமில்லாத மயக்கத் தூக்கம், நடை தள்ளாடுதல் இருந்தால் மேற்கொண்டு படிக்காதீங்க, 108-க்குப் போன் போடுங்க.

அப்படி இல்லைன்னா 3 நாள் ஒரு நோட்டில் எழுதுங்க: எத்தனை மணிக்கு இடிக்கிறான், சாப்பிட்டவுடனா, படுத்தவுடனா, வெளிக்குப் போவதற்கு முன்னாலா. வார்டில் வலியை அளக்க முகம், கால், உடம்பு அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குவது என்று ஐந்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மார்க் போட்டு 10-க்குக் கூட்டுவோம். பேசாத குழந்தைகளுக்கு அந்தப் பட்டியலில் அம்மா சொல்கிற அடையாளத்தையும் சேர்க்கணும். வலி வந்தால் சிரிக்கிற குழந்தையும் உண்டு, ஒரே இடத்தில் உறைந்து நிற்கிற குழந்தையும் உண்டு. உங்க பையனுடைய அடையாளம் உங்களுக்குத்தான் தெரியும், அதை எழுதுங்க.

டாக்டர் சம்மதித்தால் பாராசிட்டமால் ஒரு நல்ல சோதனை. கிலோவுக்கு 15 மி.கி., அதாவது 20 கிலோவுக்கு 300 மி.கி. இங்கே ஒரு பெரிய தவறு நடக்கும். ஒரு சிரப்பில் 5 மில்லிக்கு 125 மி.கி., இன்னொன்றில் 250 மி.கி. இருக்கும். முதலாவதில் 12 மில்லி, இரண்டாவதில் 6 மில்லி. பாட்டில் மாறினால் அளவும் மாறணும், ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் கூடாது. மருந்து போன ஒரு மணி நேரத்தில் இடிப்பது அடங்கினால், அது வலிதான் என்று பெரும்பாலும் நம்பலாம். அடங்கலைன்னா வலி இல்லைன்னு அர்த்தம் இல்லைங்க.

அடுத்தது வயிறு. அதிகம் தவறிப்போவது இதுதான். "தினமும் போறான், பேதியாவே போறான்" என்று சொல்வார்கள். பெருங்குடலில் கெட்டிப்பட்ட மலம் அடைத்துக்கொண்டு, அதைச் சுற்றித் தண்ணியாய்க் கசிவதையே பேதி என்று நினைத்துவிடுகிறார்கள். உடனே நார் எல்லாம் நிறுத்தி வெறும் குழைஞ்ச சோறு கொடுப்பார்கள், அடைப்பு இன்னும் இறுகும். ஜட்டியில் கறை, உப்பின வயிறு, நடுநடுவே ஆட்டுப் புழுக்கை மாதிரி உருண்டை, கால்களைக் குறுக்கே போட்டு விரலில் நிற்பது, இதெல்லாம் அடைப்பின் அடையாளம். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இதுக்கு மருந்து, மலத்தை இளக்குகிற பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடி. அடைப்பை எடுக்க ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.5 கிராம், 20 கிலோவுக்கு 20 முதல் 30 கிராம், 3 முதல் 6 நாள். அதுக்கப்புறம் தினம் கிலோவுக்கு 0.4 கிராம் அளவில் தொடங்கி, மலம் மெதுவாய் வரும்படி டாக்டர் கூட்டிக் குறைப்பார். கெட்டுப்போவது இங்கேதாங்க: ஒரு வாரத்தில் சரியானதும் நிறுத்திவிடுகிறார்கள். விரிந்த குடல் பழைய நிலைக்குச் சுருங்க மாதங்கள் ஆகும். குறைந்தது 2 மாதம் கொடுத்து, கடைசி ஒரு மாதம் தொந்தரவே இல்லைன்னா மட்டும் மெல்லக் குறைக்கணும். வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தொட்டு வைப்பது, சோப்புத் துண்டு வைப்பது வேண்டவே வேண்டாம். ஒரு தடவை பயந்த குழந்தை அடுத்த தடவை அடக்கிக்கொள்ளும். விழுங்கச் சிரமப்படுகிற குழந்தைக்கு விளக்கெண்ணெயை வாயில் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும். அமுச்சி, அதாவது பாட்டி, கோவித்துக்கொண்டாலும் இதில் விட்டுக்கொடுக்காதீங்க.

சாப்பிட்டு 20, 30 நிமிஷம் கழித்து, கால் தொங்காமல் பலகை மேல் ஊன்றி, 5 முதல் 10 நிமிஷம் உட்காரவைங்க. பால் ஒரு நாளைக்கு அரை லிட்டரைத் தாண்டக் கூடாது. அரிசிம்பருப்புச் சோறு தவிர எதுவும் தொடமாட்டான் என்றால் அதிலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் பருப்பைக் கூட்டுங்க, பிறகு கொள்ளு கலந்து பாருங்க. தட்டு, நிறம், சூடு மாறாமல் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்க.

பல்: செல்போன் டார்ச்சில், தலையை உங்க மடியில் சாய்த்துப் பாருங்க. கடைவாய்ப் பல்லில் கருப்புப் பள்ளம், ஈறில் சின்னக் கொப்புளம், ஒரு பக்கமாகவே மெல்வது. வருஷக்கணக்கில் சிரப் குடிக்கிற குழந்தைகளுக்குச் சொத்தை அதிகம், அதில் சர்க்கரை இருக்கு. கொடுத்ததும் வாய் கொப்பளிக்கணும், முடியாதவனுக்கு ஈரத் துணியால் துடைக்கணும். காதைக் கருவி வைத்துத்தான் பார்க்க முடியும். காய்ச்சல் இல்லாததால் காது நல்லாயிருக்குன்னு முடிவு கட்டாதீங்க.

தூக்கத்துக்கு இரண்டைப் பாருங்க. குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று எழுந்தால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் டான்சிலும் மூக்குக்குப் பின்னால் இருக்கிற அடினாய்டு சதையும் காட்டணும். கால்களை உதைத்துக்கொண்டே புரண்டால் ரத்தத்தில் ஃபெரிட்டின், அதாவது உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்குன்னு காட்டுகிற அளவு, பார்க்கச் சொல்லுங்க. லேப் ரிப்போர்ட்டில் 12, 15 என்று இருந்தாலும் "நார்மல்" என்றே அச்சாகும். தூக்கம் கெட்ட ஆட்டிசக் குழந்தைக்கு 50-க்குக் கீழே இருந்தாலே இரும்புச்சத்து கொடுக்கிற டாக்டர்கள் நிறைய. அதைப் பாலோடும் டீயோடும் கொடுத்தால் உடம்பில் சேராது. இரும்பு மலத்தை இறுக்கும், மேலே சொன்ன பொடியை அந்த நேரத்தில் நிறுத்திடாதீங்க.

தூக்கம் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியலைங்க. ஊருக்கு ஊர் மைக்செட். 2000-ஆம் ஆண்டு இரைச்சல் விதிப்படி ஆஸ்பத்திரியைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதியாக இருக்கணும். ராத்திரி 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது, வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல் 12 மணி வரை அரசு தளர்வு கொடுக்கலாம், அவ்வளவுதான். ஆனால் மாரியம்மன் பொங்கல் வாரத்தில் வார்டு ஜன்னல் அதிர்கிறது, காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய் ஒளிகிற குழந்தைகளை யாரும் பார்ப்பதில்லை. நோம்பி கூடாதுன்னு சொல்லலைங்க. ஸ்பீக்கர் பெட்டியை வேறு பக்கமாகத் திருப்பி வைக்கக்கூட ஆள் இல்லையா?

சரி, வலிப்பு. ராத்திரி திடீரென்று எழுவது, ஒரு பக்கமே இழுப்பது, கூப்பிட்டால் திரும்பாமல் வெறிப்பது இருந்தால் போனில் வீடியோ எடுத்துவைங்க. டாக்டர் கண்ணெதிரில் அது நடக்காது. இ.இ.ஜி. என்ற மூளை அலைப் பரிசோதனை எழுதினால் முந்தின ராத்திரி தலையில் எண்ணெய் இல்லாமல் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, லேட்டாகத் தூங்கவைத்து, சீக்கிரமே எழுப்புங்க. வலிப்பு 5 நிமிஷம் தாண்டினால் ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஏற்கெனவே சாப்பிடுகிற வலிப்பு மருந்தை எந்தக் காரணத்துக்கும் சடாரென நிறுத்தாதீங்க.

ரத்தம் எடுக்கிற அன்று: லிக்னோகெயின் பிரிலோகெயின் கலந்த மரப்புக் களிம்பை எழுதி வாங்கி, கிளம்புவதற்கு முன்னாலேயே இரண்டு முழங்கை மடிப்பிலும் தடவிப் பிளாஸ்டிக் ஒட்டிவிடுங்க. 60 நிமிஷம் ஆனால்தான் மரத்துப்போகும், 10 நிமிஷத்தில் துடைத்தால் வீண். ஒரே குத்தில் எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லுங்க: ரத்த அணுக்கள், ஃபெரிட்டின், தைராய்டு. பல்லுக்கு மயக்கம் கொடுப்பதாக இருந்தால் அதே மயக்கத்தில் காதும் பார்க்கட்டும், ரத்தமும் எடுக்கட்டும். சோறு 6 மணி நேரத்துக்கு முன்னாலும் தண்ணீர் 2 மணி நேரத்துக்கு முன்னாலும் நிறுத்தணும். பாலைத் தண்ணீர்க் கணக்கில் சேர்க்காதீங்க, அது சோற்றுக் கணக்கு.

இத்தனையும் பார்த்த பிறகும் இடித்தால் மையத்தில் சொன்ன மாதிரி மாத்திரைக்கு, அதாவது எரிச்சலையும் மூர்க்கத்தையும் அடக்கக் கொடுக்கிற ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துக்கு, நான் எதிரி இல்லைங்க, சரியான குழந்தைக்கு அது நிஜமாகவே உதவும். ஆனால் பசியும் எடையும் ஏறும். ஆரம்பிக்கிற அன்றே எடை, இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை எழுதிவைத்து, மாதா மாதம் எடை பாருங்க. ஸ்டெம் செல் சிகிச்சை என்று யாராவது லட்சக்கணக்கில் கேட்டால் கொடுக்காதீங்க. ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டுதலில் ஆட்டிசத்துக்கு அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை இல்லை.

செலவுக்கு மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்துகிற நிராமயா காப்பீடு: ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் நான்குக்கும் வருஷத்துக்கு 1 லட்சம் வரை. முதலில் நீங்க கட்டிவிட்டு அப்புறம் வாங்குவதுதான் முறை, அதனால் ஒரிஜினல் பில், சீட்டு எதையும் தொலைக்காதீங்க. இதெல்லாம் ஒரே இடத்தில் பார்க்கணும்னா அரசு ஆஸ்பத்திரியில் இருக்கிற மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் கேளுங்க. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வருகிற மருத்துவக் குழுவே அங்கே அனுப்பிவைக்கும்.

போகும்போது நோட்டும் வீடியோவும் கையில் இருக்கட்டும், முதல் டோக்கன் கேளுங்க. யாராவது "அவன் அப்படித்தான்" என்றால் கோபப்படாதீங்க. "காது, பல், வயிறு பார்த்தாச்சுன்னு ஓ.பி. சீட்டில் எழுதிக் கொடுங்க சார்" என்று மட்டும் கேளுங்க. எழுதணும்னா பார்த்துத்தானே ஆகணும்.