வாசகர் கேள்விகள்: முகம் காட்டாத ‘த நைஃப்’

கேள்வி: ‘ஹார்ட்பீட்ஸ்’ பாட்டை ஒருவர் கிடாரோடு மெதுவாகப் பாடித்தான் கேட்டிருக்கிறேன். அது அவருடைய சொந்தப் பாட்டு இல்லையாமே?

பதில்: இல்லை. நீங்கள் கேட்டது ஹோசே கொன்சாலெஸ் பாடியது. அவரும் ஸ்வீடன்காரர்தான், ஆனால் பாட்டு த நைஃப் என்ற ஸ்வீடன் குழுவினுடையது. குழு என்றாலும் இரண்டே பேர்தான்: காரின் ட்ரையர், ஒலோஃப் ட்ரையர். உடன்பிறந்தவர்கள், காரின் மூத்தவர். 1999ல் தொடங்கினார்கள். 2003ல் வந்த ‘டீப் கட்ஸ்’ ஆல்பத்தின் முதல் பாட்டு இது. மூலப் பாட்டில் கிடாரின் அமைதியே கிடையாது, சிந்தசைசர் துள்ளிக்கொண்டே வரும், அதன் மேல் காரினின் குரல் கூர்மையாக ஏறி நிற்கும். 2005ல் சோனி பிராவியா டிவி விளம்பரத்துக்காக சான் பிரான்சிஸ்கோவின் சரிவான தெருக்களில் சுமார் இரண்டரை லட்சம் வண்ணப் பந்துகளை உருட்டிவிட்டார்களே, அதற்குப் பின்னணியில் கொன்சாலெஸ் பாடியதுதான் உலகம் முழுக்கப் போனது.

கேள்வி: வியாபாரத்துக்கு எதிராகப் பேசுகிறவர்கள் பாட்டை விளம்பரத்துக்குக் கொடுக்கலாமா?

பதில்: நியாயமான கேள்விதான். விளம்பரங்கள் தங்களுக்குப் பிடிக்காது என்று அவர்களே சொன்னார்கள், அடுத்த ஆல்பத்தைத் தாங்களே வெளியிடப் பணம் தேவைப்பட்டது என்பதையும் மறைக்கவில்லை. ரேபிட் ரெக்கார்ட்ஸ் என்று சொந்த லேபிள், அதாவது இசை வெளியீட்டு நிறுவனம், வைத்திருந்தவர்கள் அவர்கள். பெரிய கம்பெனியிடம் கைநீட்டி முன்பணம் வாங்கியிருந்தால், அடுத்த ஆல்பத்திலும் இன்னொரு ‘ஹார்ட்பீட்ஸ்’ போடுங்கள் என்று அங்கே யாராவது நிச்சயம் கேட்டிருப்பார்கள். அப்படிக் கேட்க ஆளில்லாததால்தான் 2006ல் ‘சைலன்ட் ஷவுட்’ என்கிற இருண்ட, குளிர்ந்த ஆல்பம் பிறந்தது. ஒரு பாட்டைக் கொடுத்து, மற்ற எல்லாப் பாட்டிலும் யாரும் தலையிடாதபடி பார்த்துக்கொண்டார்கள். என்னைக் கேட்டால் அது சரியான பேரம்.

கேள்வி: ஏன் முகமூடி? வெறும் பந்தா என்கிறான் என் நண்பன்.

பதில்: பந்தா காட்ட நினைக்கிறவர்கள் விருது மேடையை விடமாட்டார்கள். ஸ்வீடனின் பெரிய இசை விருதான கிராமிஸ், ‘டீப் கட்ஸ்’ வந்த சமயத்தில் இவர்களுக்குச் சிறந்த பாப் குழு விருது கொடுத்தது. இவர்கள் போகவில்லை. பதிலுக்கு கொரில்லா வேஷம் போட்ட இரண்டு பேரை அனுப்பினார்கள், உடையில் 50 என்ற எண். இசைத்துறை முழுக்க ஆண்களின் கையில் இருக்கிறது, பாதிக்குப் பாதி வேண்டும் என்பதுதான் சேதி. 2007ல் அதே கிராமிஸ் ஆறு விருதுகளைக் கொடுத்தது!

படங்களில் பறவை அலகு போல நீண்ட மூக்கு வைத்த முகமூடிகளில் வருவார்கள். பாட்டுக்குள்ளும் அதுதான் நடக்கிறது. காரின் தன் குரலின் சுருதியை எந்திரத்தில் இறக்கிவிடுவார், ஆணா பெண்ணா, வயதானவரா குழந்தையா என்று பிடிபடாது. முகம், பெயர், பால் என்று கேட்கிறவர் வழக்கமாகப் பிடித்துக்கொள்ளும் எதுவும் கையில் கிடைக்காமல் போவதால் பாட்டை மட்டும் கேட்க வேண்டியிருக்கிறது. நண்பரிடம் ஹெட்போனைக் கொடுத்து ‘சைலன்ட் ஷவுட்’டை ராத்திரியில் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: முதல்முறையாகக் கேட்கிறவர் எங்கே ஆரம்பிக்கலாம்?

பதில்: ‘டீப் கட்ஸ்’, அப்புறம் ‘சைலன்ட் ஷவுட்’. நடுவில் 2005ல் வந்த ஸ்வீடன் பாடகி ராபினின் ஆல்பத்தில் ‘ஹூ இஸ் தட் கேர்ள்’. ராபினும் பழைய கம்பெனியை விட்டு வந்து சொந்த லேபிள் தொடங்கிய கையோடு இவர்களோடு சேர்ந்து செய்த பாட்டு அது. டார்வினைப் பற்றிய ‘டுமாரோ, இன் எ இயர்’ ஓபரா ஆல்பத்தை (2010) முதலில் தொடாதீர்கள், பயந்து ஓடிவிடுவீர்கள்.

கேள்வி: 2013 சுற்றுப்பயணத்தில் ரசிகர்கள் ஏமாந்தார்கள் என்று படித்தேன். என்ன நடந்தது?

பதில்: அந்த ஓபராவை விட்டுவிட்டால், ‘சைலன்ட் ஷவுட்’டுக்கு ஏழு வருஷம் கழித்து ‘ஷேக்கிங் த ஹாபிச்சுவல்’ என்ற ஆல்பத்தோடு திரும்பி வந்தார்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும், அதில் ஒரு உருப்படி மட்டும் 19 நிமிஷம், பெரும்பாலும் ரீங்காரம்தான். மேடைக்கு வந்தால் அங்கே ஒரு நடனக் குழுவே இருந்தது, நிகழ்ச்சிக்கு முன்னால் கூட்டத்துக்கு ஏரோபிக்ஸ் பயிற்சி, பல பாட்டுகள் பதிவிலிருந்தே ஒலிக்க, எல்லோரும் ஆடினார்கள். யார் காரின், யார் ஒலோஃப் என்றே பலருக்குத் தெரியவில்லை. காசு கொடுத்து வந்தவர்களில் சிலருக்குக் கோபம் வந்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் முகமூடியைக் கழற்றிய பிறகும் நட்சத்திரமாக நிற்க மறுத்தார்கள் பாருங்கள், அந்தத் துணிச்சல் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கேள்வி: மறுபடி சேர்வார்களா?

பதில்: 2014 நவம்பரில் ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக்கில் கடைசி நிகழ்ச்சி, அதோடு குழு கலைந்தது. சண்டையெல்லாம் இல்லை. ஃபீவர் ரே என்ற பெயரில் காரின் தனியாகப் பாடுகிறார், அந்தப் பெயரில் 2023ல் வந்த ‘ராடிக்கல் ரொமான்டிக்ஸ்’ ஆல்பத்தின் முதல் நான்கு பாட்டுகளில் ஒலோஃபும் கூட வேலை செய்திருக்கிறார். அந்த நான்கையும் வரிசையாகப் போட்டுக் கேளுங்கள்.