மத்தியானம் பன்னிரண்டரை மணிக்கு அறையில் யார் இருக்கிறார்கள்?

குழந்தை வளர்ப்பு: வாசகர் கேள்வி – பதில்
(பதில் சொல்பவர், கடலூர் முதுநகரில் 31 ஆண்டுகள் பால்வாடி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்)

கேள்வி: வணக்கம் அம்மா. திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறேன். 22 பிள்ளைகள். அதில் 7 பேர் மூன்று வயதுக்குள். நானும் இரண்டு ஆயாக்களும் பார்த்துக்கொள்கிறோம். போன மாதம் ஒரு அம்மா, "இங்கே தரம் போதாது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பிள்ளையை நிறுத்திவிட்டார். மனசே விட்டுப்போய்விட்டது. ஏசி, கேமரா, பெரிய டிவி எல்லாம் போட 2 லட்சம் கடன் வாங்கலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். வாங்கலாமா?
– வாசகி, கடலூர்

பதில்: கடன் வேண்டாம்மா. டிவி கண்டிப்பாக வேண்டாம். ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே காட்டாதீர்கள், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லியிருக்கிறது. அந்த ஒரு மணி நேரம் வீட்டில் செல்போனிலேயே தீர்ந்துவிடுகிறது. கேமராவை நான் தப்பு சொல்லமாட்டேன். ஆனால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் உங்களிடம் இல்லை.

ஆள் கணக்குக்கு வருவோம். மூன்று வயதுக்கு உட்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேற்பட்ட வயதில் 20 பேருக்கு ஒருவர் என்பது காப்பகங்களுக்கு மத்திய அரசு சொல்லியிருக்கும் அளவு. அதன்படி நீங்கள் மூன்று பேர் போதும். காகிதத்தில் சரி. என் மையத்திலும் காகிதத்தில் சரியாகத்தான் இருந்தது.

ஒரு மழை நாளில் எங்கள் பிள்ளை ஒன்று, மூன்று வயதுப் பையன், வாசலைத் தாண்டிப் போய்விட்டான். நாலு வீடு தள்ளி மளிகைக் கடைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தான். கடைக்காரர்தான் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் வந்து நின்ற பிறகுதான் பிள்ளை இல்லை என்பதே எங்களுக்குத் தெரிந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. அப்புறம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். ஒரு வாரம், கால் மணிக்கு ஒரு தடவை, அறையில் பிள்ளைகளோடு எந்தப் பெரியவர் இருக்கிறார் என்று மட்டும் குறித்தேன். வேறு எதுவும் எழுதவில்லை.

விஷயம் தெளிவாகிவிட்டது. பன்னிரண்டரையிலிருந்து ஒன்றேகால் வரை ஒருவர் பாத்திரம் கழுவுகிறார், ஒருவர் யாரோ ஒரு பிள்ளைக்குக் கால் கழுவிவிடுகிறார், அறையில் ஒரே ஆள். சில நாள் அந்த ஒரு ஆளும் இல்லை. பழைய நோட்டில் கீழே விழுந்தது, கடித்தது, கண்ணில் மண் போட்டது என்று எழுதியிருந்ததைப் புரட்டினேன். பாதிக்கு மேல் அந்த நேரத்தில் நடந்ததுதான். பையன் போனதும் அப்போதுதான். பாத்திரத்தைப் பிள்ளைகள் தூங்கின பிறகு கழுவுவது என்று மாற்றினோம். சின்னவர்களுக்கு முதல் பந்தி, பெரியவர்களுக்கு அடுத்த பந்தி. ஒரு ரூபாய் செலவில்லை.

நீங்களும் இந்த ஒரு வாரக் கணக்கை எடுத்துவிடுங்கள். நீங்களே எழுதுங்கள், ஆயாக்களிடம் கொடுக்காதீர்கள். அவர்களைக் குற்றம் பிடிப்பதற்கு இல்லை என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆயா பயந்துவிட்டால் பிள்ளை விழுந்ததையே மறைப்பார். மறைத்த இடத்தில் எதையும் திருத்த முடியாது. எங்களிடம் இருந்த ஆயா ஒருவர், "டீச்சர், இன்னைக்கு நான் பார்க்கலை, கதவுல விரல் மாட்டிக்கிச்சு" என்று அவராகவே வந்து சொன்ன நாளில்தான் அந்த இடம் உருப்பட்டது என்று நினைத்தேன். அந்த 2 லட்சத்துக்குக் கட்டப்போகும் வட்டியில் கொஞ்சத்தை ஆயாக்கள் சம்பளத்தில் சேர்த்துப் பாருங்கள். மத்தியானம் அவர்கள் உட்கார்ந்து சாப்பிட அரை மணி நேரம் கொடுங்கள். மாசத்துக்கு ஓர் ஆயா மாறினால் கைக்குழந்தைக்கு யார் மடி தன் மடி என்றே தெரியாது.

கீழ்த்தளம் என்கிறீர்கள். கிரில் கதவைப் பூட்டுவீர்கள் என்றால் சாவி யார் இடுப்பில் இருக்கிறது? இன்னொரு வாசல் உண்டா? கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 பிள்ளைகளை நெருப்புக்குக் கொடுத்தோம். அடுப்பு இருக்கும் இடத்துக்கும் பிள்ளைகள் தூங்கும் இடத்துக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று இன்றைக்கே நடந்து பாருங்கள். தரைத்தொட்டி மூடி, தண்ணீர் பிடித்து வைத்த பக்கெட் இரண்டையும் பாருங்கள். தவழும் பிள்ளைக்கு ஒரு சாண் தண்ணீரே ஆபத்து. பண்ருட்டி முந்திரி வீட்டுக்கு வீடு வரும் ஊர் நம்முடையது. முழு முந்திரியோ வேர்க்கடலையோ ஐந்து வயதுக்குள் வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பொடித்துக் கொடுங்கள். பெற்றோர் போன் நம்பர்களைக் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். 2011-ல் வந்த 'தானே' புயலுக்குப் பிறகு நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்தவர்கள் நாம்.

போன அந்த அம்மாவிடம் ஒருமுறை பேசுங்கள். திரும்பக் கூப்பிட வேண்டாம். "பிள்ளை வீட்டுக்கு வந்ததும் என்ன சொன்னான்?" என்று மட்டும் கேட்டுவிட்டு, சொல்வதை மறுக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஈர ஜட்டியாகவோ, சாயங்காலம் காரணம் சொல்லாமல் அனுப்பிய ஒரு காயமாகவோதான் இருக்கும்.

கேள்வி: வேலைக்குத் திரும்புகிறேன். ஒன்றரை வயது மகளைக் காப்பகத்தில் விட வேண்டும். போய்ப் பார்க்கும்போது எதைப் பார்ப்பது?
– வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: முதலில் உங்கள் அலுவலகத்தில் கேளுங்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடம் என்றால், மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-ல் வந்த திருத்தத்திலிருந்தே காப்பக வசதி தர வேண்டியது அவர்கள் கடமை. ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

வெளியிடம்தான் என்றால், சேர்க்கை பேசக் காலையில் போங்கள். அப்புறம் இன்னொரு நாள், சொல்லாமல், மத்தியானம் பன்னிரண்டரைக்குப் போங்கள். உள்ளே விடமாட்டோம் என்றால் அந்த இடம் வேண்டாம். விட்டால், சோப்பு பிள்ளையின் கை எட்டும் உயரத்தில் இருக்கிறதா, அழுகிற பிள்ளையிடம் யாராவது குனிந்து பேசுகிறார்களா என்று பாருங்கள். ஆயாவிடம், எந்தப் பிள்ளைக்கு எது பிடிக்காது என்று கேளுங்கள். பெயரோடு மூன்று பிள்ளைகளைப் பற்றி அவர் சொல்லிவிட்டால், மகளைச் சேர்த்துவிடுங்கள்.