துறைகளை இணைக்கும்போது பழைய மென்பொருள் ஒப்பந்தத்துக்கு யார் பொறுப்பு?

இரண்டு சுகாதார அமைப்புகளை ஒன்றாக்குகிறார்கள், நோயாளிப் பதிவு மென்பொருள் அரைகுறையாக நிற்கிறது, நிறுவனமோ "பழைய அதிகாரிகளிடம் பேசி முடித்துவிட்டோம்" என்கிறது, யாரைக் கேட்பது என்கிறீர்கள். ஒப்பந்தம் போட்டவர் நீங்கள் இல்லை, தினமும் அதோடு மல்லுக்கட்டுகிறவர் என்று நினைக்கிறேன்.

சட்டப்படி, இணைப்பு உத்தரவில் அந்த ஒப்பந்தம் எந்த அமைப்புக்கு மாற்றப்பட்டதோ அதுதான் பொறுப்பு. ஆனால் நடைமுறையில் காகிதம் மட்டும்தான் கைமாறுகிறது. எந்தக் குறை பாக்கி, எந்தப் பில் எதற்காக நிறுத்தப்பட்டது என்பதெல்லாம் இடம் மாறிப் போனவர்களோடு போய்விடும்.

நான் ஆய்வகப் பதிவுப் பிரிவில் இருந்தபோது எங்களையும் இப்படித்தான் இணைத்தார்கள். புதிய மென்பொருளில் ஒரு நோயாளிக்கு இரண்டு பதிவு எண் விழுந்துவிட்டால், பரிசோதனை முடிவு ஒன்றில் மட்டும்தான் ஏறும். மருத்துவர் மற்ற எண்ணைத் திறந்தால் முடிவு இன்னும் வரவில்லை என்று காட்டும். பொட்டாசியம் எகிறிக் கிடக்கும் நோயாளிக்கு அது உயிர்ப் பிரச்சினை. நிறுவனம் இதைக் கூடுதல் வேலை என்றது, தனிக் கட்டணம் கேட்டது. அதற்குள் ஒப்பந்தக் குழுவும் கலைந்துவிட்டது. நிதியாண்டு முடிவதற்குள் பில்லை முடிக்க வேண்டும் என்று புதிய அலுவலகம் ஏற்புச் சான்றை, அதாவது வேலை சரியாக முடிந்தது என்று ஒப்புக்கொள்ளும் தாளை, என்னிடம் நீட்டியது. நான் கையெழுத்துப் போடவில்லை. சோதனை ஓட்டத்தில் இரு தரப்பும் ஒப்பமிட்ட குறைப் பட்டியலின் நகல் என்னிடம் இருந்தது. இந்தக் குறை அதில் முதல் பக்கத்திலேயே இருந்தது. அதைக் காட்டித்தான் கட்டணமில்லாமல் சரிசெய்ய வைத்தோம்.

ஒரு பதிவுப் பிரிவு ஊழியருக்கு இது எதற்கு என்று சிலர் கேட்பார்கள். தவறான முடிவைப் பார்த்துவிட்டு வார்டிலிருந்து எனக்குத்தான் போன் வரும், அதனால்தான். நிறுவனங்கள் எல்லாமே ஏமாற்றுகின்றன என்றும் சொல்லவில்லை. தேவைகளை நாங்களே அடிக்கடி மாற்றியதும் உண்டு.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து சுகாதாரத் துறையைப் பாருங்கள். 2010 மார்ச்சில் வந்த சம்பள மென்பொருள் ஆயிரக்கணக்கான ஊழியர்களுக்குத் தப்பும் தவறுமாகச் சம்பளம் போட்டது. ஒப்பந்தத்தைக் கையாண்டது கார்ப்டெக் என்ற தனி அரசு அமைப்பு; அவதிப்பட்டது சுகாதாரத் துறை. அதே ஆண்டு, அந்த வேலையை ஒப்பந்தத்தில் எடுத்திருந்த ஐபிஎம் நிறுவனத்தோடு சமரச ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தச் செலவு 120 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை போகும் என்று மதிப்பிட்டார்கள். 2013இல் விசாரணை ஆணையம் கடுமையாக அறிக்கை தந்தும், ஐபிஎம் மீது இழப்பீடு கேட்டுப் போட்ட வழக்கில் 2015இல் அரசு தோற்றது. அந்தச் சமரசமே நிறுவனத்தை விடுவித்துவிட்டது.

அதனால் இணைப்பு முடியும் முன்பே குறைப் பட்டியலில் இரு தரப்பு ஒப்பமும் வாங்குங்கள். ஒப்பந்தப் பொறுப்பு எந்தப் பதவிக்கு என்று எழுத்தில் கேளுங்கள். ஆள் மாறினாலும் பதவி இருக்கும். "இதுவரையான கோரிக்கைகள் அனைத்தும் தீர்ந்தன" என்ற வரி எங்காவது இருந்தால், சட்டப் பிரிவு பார்க்காமல் அந்தத் தாள் நகரக் கூடாது.

அப்புறம், கேள்வியில் இல்லாத ஒன்று. எங்கள் மென்பொருளின் அந்த இரட்டைப் பதிவு எண் குறையை முதலில் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் செவிலியர்கள். அவர்களைத்தான் "கம்ப்யூட்டர் பழக்கம் இல்லாதவர்கள்" என்று கூட்டக் குறிப்பில் எழுதினார்கள். அவர்களுடைய பயிற்சி நேரத்தை வெட்டியது யார் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.