விசிறித்தொண்டை ஓணான்: கேட்டவர்களுக்குப் பதில்

தடாவிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, எங்கள் முந்திரித் தோப்பு ஓரம் ஒரு குட்டி ஓணான் கல் மேல் ஏறித் தொண்டையை விரித்து விரித்து மூடுகிறது. விஷமா?

விஷம் துளியும் கிடையாது தம்பி. அது விசிறித்தொண்டை ஓணான், ஆண். தொண்டைக்குள் இருக்கும் எலும்பு முன்னால் தள்ளும்போது மடிந்திருந்த தோல் பனையோலை விசிறி மாதிரி விரிகிறது. பெண்ணை அழைக்கவும், பக்கத்து ஆணிடம் 'இது என் இடம்' என்று காட்டவும்தான் இத்தனை ஆட்டமும். 1829-இல் பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே இதன் அறிவியல் பெயரில் புதுச்சேரியின் பெயரை வைத்தார். இதன் உறவில் 2016-இல் பிரித்தறிந்த ஓர் இனத்துக்கு 'விசிறி' என்றே பெயர், இன்னொன்றுக்கு 'மருதம்நெய்தல்'. நம் சொற்கள் அறிவியல் பெயரில் இருப்பது எனக்கு எப்போதும் சந்தோஷம்.

சத்தியவேடு அக்கா: வேலி ஓணானின் குட்டியோ என்று நினைத்தேன், எப்படிப் பிரிப்பது?

பின்காலைப் பாருங்கள் அக்கா. வேலி ஓணானுக்கு 5 விரல், இதற்கு 4 தான். மரம் ஏறாமல் பெரும்பாலும் தரையிலேயே திரியும், விரட்டினால் முன்கால்களைத் தூக்கிக்கொண்டு பின்கால்களில் மட்டும் ஓடும்.

அவர் மகள்: தண்ணீரே இல்லாத மேட்டில் எப்படி மாமா உயிரோடு இருக்கும்?

எறும்பு, கரையான், வெட்டுக்கிளி எல்லாவற்றின் உடம்பிலும் ஈரம் இருக்கிறதே, ஓணானுக்கு வேண்டிய தண்ணீரில் பெரும்பங்கு அங்கிருந்தே கிடைத்துவிடும் கண்ணு. அதன் எச்சத்தின் நுனியில் சுண்ணாம்பு போல வெள்ளையாக ஒட்டியிருக்கும் பார், அதுதான் சிறுநீர்க் கழிவு. தண்ணீரை வீணாக்காமல் கட்டியாகவே வெளியே தள்ளிவிடுகிறது. உச்சி வெயில் ஏறினால் புதர் நிழலுக்குப் போய்விடும்.

ஆரம்பாக்கம் நண்பர்: மணலுக்குள் புதைவது இதுதானா?

இல்லை, அது ராஜஸ்தானில் ஜெய்சல்மேர் பக்கத்து மணல்மேட்டுத் தேரைத்தலை ஓணான். உடம்பைப் பக்கவாட்டில் நடுக்கியே மணலுக்குள் இறங்கிவிடும்.

சூளூர்பேட்டை ஐயா: ஊர்ப் புறம்போக்கு சும்மா கிடக்கிறது, சவுக்கு நடலாம் என்கிறோம். அந்த ஓணானுக்கும் நிழல்தானே?

ஐயா, தயவுசெய்து வேண்டாம். அது சும்மா கிடக்கவில்லை. வெட்டவெளி, நாலு கல், அங்கங்கே குட்டையாய்ப் புதர், இவ்வளவும் சேர்ந்தால்தான் அதற்கு வீடு. ஆண் நின்று காட்ட மேடும், பெண் தோண்டி முட்டையிட இளகிய மண்ணும் வேண்டும், விடிந்ததும் உடம்பைச் சூடேற்ற வெயில் நேராக விழவேண்டும். சவுக்குச் சருகு மூடிவிட்டால் இதில் எதுவும் மிஞ்சாது. மரம் வேண்டுமென்றால் ஏரிக்கரையில் நடுங்கள். அதற்கு முன் மே மாதத்தில் ஒரு நாள் காலை வெயில் ஏறும்போது அந்தப் புறம்போக்கில் போய் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள், ஏதாவது ஒரு கல் மேல் விசிறி விரியும்.